தேயிலைக்கு ஒரு பேழை

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வசதியான வீடுகளில் தேயிலையைப் பூட்டி வைத்தார்கள். சாவி வீட்டு எஜமானியிடம் இருக்கும். விருந்தினர் வந்ததும் பெட்டியை வரவேற்பறைக்கே வரவழைத்து, அவரே திறந்து, அளந்து எடுத்துத் தேநீர் வடிப்பார். சீனாவிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் வந்த சரக்கு அது. போதாக்குறைக்கு, வரி மட்டும் 119 சதவீதம் வரை ஏறியிருந்தது. வேலையாட்கள் கைபடும் இடத்தில் அதை வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

விருந்தினர் கண்முன் வந்து நிற்கும் பெட்டி என்பதால் அதற்கு அழகும் வேண்டியிருந்தது. தொடக்கத்தில் சீனப் பீங்கான் சாடிகளும் வெள்ளிச் சம்புடங்களும் இருந்தன. பிறகு மரம் வந்தது: மகாகனி, ஈட்டி, இலங்கையிலிருந்து போன முதிரை. உள்ளே பச்சைத் தேயிலைக்கு ஓர் அறை, கறுப்புத் தேயிலைக்கு ஓர் அறை. பெரிய பெட்டியானால் நடுவில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். ஈரம் ஏறாமல் இருக்க உட்சுவரில் ஈயம் கலந்த மெல்லிய தகட்டை ஒட்டினார்கள். பேரிக்காய், ஆப்பிள் வடிவில் பழமரத்தைக் கடைந்து, மேலே ஒரு காம்பும் வைத்த பெட்டிகள் உண்டு. மரவேலையில் இவ்வளவு குதூகலத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

1784-இல் வரி 12.5 சதவீதமாகக் குறைந்தது. தேயிலை இன்னும் பல வீடுகளுக்குப் போனது, பேழைகளும் பெருகின. இன்று நாம் வியக்கும் அலங்காரப் பேழைகளில் பெரும்பகுதி அதற்குப் பின்னால் வந்த சில பத்தாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் ஒரு வகை நமக்கு நெருக்கமானது. தச்சர்கள் பக்கங்களில் பள்ளம் விட்ட வெற்றுப் பெட்டிகளை விற்பார்கள். வீட்டுப் பெண்கள் மெல்லிய காகித நாடாக்களைச் சுருட்டி, விளிம்பு வெளியே தெரியும்படி அந்தப் பள்ளங்களை நிரப்புவார்கள். 1791-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மகள் எலிசபெத்துக்கு சார்லஸ் எலியட் என்ற தளவாடக்காரர் அனுப்பிய பொருள்களில் 15 அவுன்ஸ் காகித நாடாவும் 1 அவுன்ஸ் பொன்காகிதமும், இந்த வேலைக்கான ஒரு பெட்டியும் அதற்கு இணையான ஒரு தேயிலைப் பேழையும் அடங்கும். இன்று நம் ஊர்ப் பெண்கள் க்வில்லிங் என்று கம்மலும் வாழ்த்து அட்டையும் செய்கிறார்களே, அதே வேலைதான்.

எல்லாப் பொருளும் இவ்வளவு சாதுவானதல்ல. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த விசாகப்பட்டினத்தில், சந்தன மரப் பெட்டிமேல் தந்தத் தகடு போர்த்தி, அதில் பூங்கொடிகளைக் கீறி, கீறலில் கருப்பு அரக்கு நிரப்பினார்கள். தேயிலைப் பேழைகளை வீட்டின் உருவிலேயே, கூரையும் சன்னலுமாகச் செய்ததும் உண்டு. கைத்திறனில் அவற்றுக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு யானை இருக்கிறது. இங்கிலாந்தில் பெயர்பெற்ற ஆமை ஓட்டுப் பேழைகளுக்கு உயிர் கொடுத்தது அழுங்காமை. அதன் ஓட்டை வெந்நீரில் இளக்கி வளைத்து, அடியில் சிவப்போ பச்சையோ பூசி ஒட்டினால் ஓடு உள்ளிருந்தே ஒளிர்வதுபோலத் தெரியும். நம் மன்னார் வளைகுடாவிலும் வாழும் அந்த ஆமை இன்று உலகெங்கும் அழியும் நிலையில் இருக்கிறது.

பூட்டுக்கு வேலையில்லாமல் போனது 19-ஆம் நூற்றாண்டில். 1839-இல் அசாம் தேயிலை லண்டனில் ஏலத்துக்கு வந்தது. 1867-இல் இலங்கையின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தோட்டம் போட்டார். காப்பிச் செடிகளை நோய் அழித்தபின் மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின. கொழுந்து பறித்தவர்கள் திருச்சி, மதுரை, சேலம் பக்கத்திலிருந்து போன நம் மக்கள். அவர்களுக்குக் கொடுத்த கூலி சொற்பம். லண்டனில் தேயிலை மலிந்ததில் அதற்கும் பங்குண்டு. அருங்காட்சியகங்கள் பெட்டியின் மரத்தை, வெள்ளியை, ஆண்டைக் குறிப்பு அட்டையில் எழுதுகின்றன. இதையும் ஒரு வரி எழுத வேண்டும்.

மலிந்த தேயிலை சமையலறைத் தகர டப்பாவுக்கு இறங்கியது. 1953-இல் டெட்லி நிறுவனம் தேநீர்ப் பையை பிரிட்டனில் அறிமுகம் செய்தபின் அளந்து போடும் கரண்டிக்கும் வேலை குறைந்தது. பழைய பேழைகள் இன்று ஏலக்கூடங்களில் தம் சொந்த மதிப்புக்கு விலைபோகின்றன. ஆனால் பிரிட்டனில் தந்தத்துக்குத் தடை இருக்கிறது: 2018-இல் இயற்றி 2022-இல் நடைமுறைக்கு வந்த பிரிட்டிஷ் சட்டப்படி, 1947-க்கு முன் செய்து, தந்தம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள பொருளைப் பதிவு செய்து விற்கலாம். முழுத் தந்தப் போர்வை கொண்ட விசாகப்பட்டினப் பேழையைத் தனியாருக்கு விற்க, அது அரிய கலைப்பொருள் என்று சான்றிதழ் வாங்க வேண்டும். இந்தக் கெடுபிடி சரியானதே. பழையதைக் காப்போம், புதியதற்கு ஆசை எழ இடம் கொடுக்கக் கூடாது.

தடையும் குற்ற உணர்வும் இல்லாமல் இன்றும் தொடரக்கூடியது அந்தக் காகித வேலை. க்வில்லிங் தெரிந்தவர்கள் கம்மலோடு நிறுத்தாமல் ஒரு தேயிலைப் பேழை செய்து பாருங்கள். தச்சரிடம் சொல்லி, நான்கு பக்கமும் நாடாவின் அகலத்துக்குப் பள்ளம் விட்ட சிறு மரப்பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டால் போதும்.