அலுமினிய வண்டி ஏன் அரிக்கிறது?

1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகுக்குப் பங்கீடு. ஆகவே உடலுக்கு அலுமினியக் கலவைத் தகடு, சேஸிக்கு எஃகு. அலுமினியம் துருப்பிடிக்காதே என்று நம்பிப் பழைய வண்டி வாங்கியவர், கதவின் அடியோரத்தில் பெயிண்ட் கொப்புளித்து வெள்ளைப் பொடி உதிர்வதைக் கண்டு திகைப்பார்.

அந்த இடத்தில் ஒரு குட்டி பேட்டரி வேலை செய்கிறது! கதவின் அலுமினியத் தகடும் அதன் எஃகுச் சட்டமும் ஒட்டியிருக்க, இடையில் ஈரம் தேங்கினால் மின்னோட்டம் பிறக்கும். அலுமினியம் எலக்ட்ரான்களை எஃகுக்குக் கொடுத்துவிட்டுத் தான் கரையும். பிரிட்டனில் குளிர்காலச் சாலைகளில் பனி உறையாமலிருக்க உப்புத் தூவுவார்கள். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அரிப்பு வேகமெடுக்கும்.

ஆகவே பழுதுபார்க்கக் கழற்றிய பாகங்களைத் திரும்பப் பூட்டும்போது இரண்டு உலோகங்களுக்கும் நடுவே ரப்பர் பட்டை வைத்து, துத்தநாகம் பூசிய போல்ட்டுகளைப் போடுங்கள். பித்தளைத் திருகு வேண்டவே வேண்டாம். அலுமினியத்துக்கு அது எஃகைவிடக் கேடு.

சேஸியோ உள்ளீடற்ற பெட்டி. சேறு புகுந்து ஈரம் காயாமல் கிடந்தால் உள்ளிருந்தே துருவேறும். வடிதுளைகளின் அடைப்பை நீக்கி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே உள்ளே மெழுகு தெளிக்க வேண்டும்.