இரட்டைச் சிம்மும் மதுரைக்காரரின் உரிமையும்

உங்கள் கைத்தொலைபேசியில் டயலொக் ஒன்று, மொபிட்டல் ஒன்று என இரண்டு சிம்கள் இருக்கின்றனவா? அந்த இரட்டைச் சிம்மின் பெயரால் ஒரு தமிழர் பெரும் நிறுவனங்களுடன் வழக்காடினார் என்பதை அறிவீர்களா?

மதுரையைச் சேர்ந்த எஸ். ராம்குமார், ஒரே தொலைபேசியில் பல சிம்களைப் பயன்படுத்தும் முறைக்கு 2002இல் இந்தியாவில் ஆக்கவுரிமை கேட்டு விண்ணப்பித்தார். 2008இல் அது வழங்கப்பட்டது. ஆக்கவுரிமை என்பது சாதாரண விடயமல்ல. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, உரியவரின் அனுமதியின்றி அப்பொருளை வேறெவரும் செய்யவோ, விற்கவோ, இறக்குமதி செய்யவோ முடியாது. விரும்புபவர் அவரோடு பேசி, கட்டணம் செலுத்தி, அனுமதி பெறவேண்டும். ராம்குமார் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். சுங்கத்திலும் தம் உரிமையைப் பதிந்துகொண்டார். விளைவு என்ன? 2009இல் வெளிநாட்டிலிருந்து வந்த இரட்டைச் சிம் தொலைபேசிகள் இந்தியச் சுங்கத்திலேயே தடுத்து வைக்கப்பட்டன!

சாம்சங், ஸ்பைஸ் போன்ற நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. இது முன்பே அறியப்பட்டது, இதில் புதுமை இல்லை என்று கூறி, சென்னையில் இயங்கிய அறிவுசார் சொத்துரிமை மேன்முறையீட்டு வாரியத்துக்குச் சென்றன. 2012 ஜூனில் அந்த ஆக்கவுரிமை இரத்தாகியது. பின்லாந்தின் பெனிபோன் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே ‘ட்வின்’ என்ற இரட்டைச் சிம் தொலைபேசியை வெளியிட்டிருந்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

தனி மனிதர் ஒருவர் தோற்றுவிட்டாரே என்று மனம் வருந்தத்தான் செய்கிறது. ஆனால், சரக்கு முடங்கிப்போன வியாபாரியின் ஹக்கையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா? ஆக்கவுரிமை மீறப்பட்டதா என்பது சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்துச் சொல்லக்கூடிய காரியமன்று. 2018இல் இந்திய அரசு அந்தச் சுங்க விதிகளிலிருந்து ஆக்கவுரிமையை நீக்கியது. அது சரியென்றே எனக்குப் படுகிறது.

மறுபக்கமும் உண்டு. வலையமைப்போடு தொலைபேசியை இணைக்கும் அடிப்படை நுட்பங்களுக்கு நியாயமான, பாரபட்சமற்ற கட்டணத்தில் அனுமதி வழங்கவேண்டும் என்பது நியதி. எது நியாயமான கட்டணம்? சண்டையே அதில்தான். எரிக்ஸனுக்கும் இந்தியாவின் லாவா நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், 244 கோடி ரூபா செலுத்துமாறு டில்லி உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் லாவாவுக்கு உத்தரவிட்டது.

இந்திய ஆக்கவுரிமை இலங்கையில் செல்லாது. இங்கே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி தனியே பெறவேண்டும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொலைபேசி திருத்தும் நம் பிள்ளைகளுக்குப் புதிய யோசனை ஏதும் தோன்றினால், தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்குமுன், உலகில் வேறெவரும் அதை முன்பே செய்திருக்கிறார்களா என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். மதுரைக்காரரின் உரிமை பறிபோனது அந்த இடத்தில்தான்.