வலைக்கம்பியில் படம்: மலிவுக் கருவியைச் சோதிப்பது எப்படி?

தொலைபேசியின் தொடக்க காலத்தில் கம்பிகளில் பேச்சோடு இரைச்சலும் கலந்து வந்து தொல்லை கொடுத்தது. அதனை நீக்க அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881ஆம் ஆண்டில் ஓர் எளிய முறைக்குக் காப்புரிமை பெற்றார். இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால், வெளியிலிருந்து வரும் இடையூறு இரண்டையும் ஏறத்தாழச் சம அளவில் தாக்கும். இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் இடையூறு அடிபட்டுப் போகும். இன்று கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் கேபிளுக்குள் இருப்பவை இத்தகைய முறுக்கிணைகள் நான்கேயாகும்.

இக்கேபிளின் வழியே படத்தையும் ஒலியையும் தொலைவுக்கு அனுப்பும் கருவிகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. கணினியின் பக்கம் ஒரு பெட்டி, திரையின் பக்கம் ஒரு பெட்டி, இடையே கேபிள், அவ்வளவுதான். ‘எக்ஸ்டெண்டர்’ எனப்படும் இதனை நாம் நீட்டிப்பான் என்போம். சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிள் 10 அல்லது 15 மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதன்று. ஆதலின் மண்டபங்களுக்கும் பள்ளிகளுக்கும் நீட்டிப்பான் தேவைப்படுகிறது. அங்கே செலவாவது பெரும்பாலும் பொதுப்பணம். எனவே சோதித்து வாங்குவதே முறை. பெட்டியின் மேல் அச்சிட்ட தூரம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அத்தூரத்தைக் கடந்து வரும் படம் எத்தகையது என்பதை அது சொல்வதில்லை.

இதற்குக் காரணம் ஒரு சிறு கணக்கில் விளங்கும். முழு உயர்தெளிவுப் படத்தில் 1920க்கு 1080 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட். வினாடிக்கு 60 படங்கள். இவற்றைப் பெருக்கினால் வினாடிக்கு ஏறத்தாழ 300 கோடி பிட் வருகிறது. மலிவான நீட்டிப்பான்கள் பலவற்றின் வலை இணைப்போ வினாடிக்கு 10 கோடி பிட்டையே தாங்கும். முப்பது பங்கை ஒரு பங்கில் அடைக்க வேண்டுமானால் எதையேனும் விட்டுத்தான் ஆக வேண்டும்.

நீட்டிப்பான்கள் மூவகைப்படும். முதல் வகை, எச்.டி.எம்.ஐ. குறிகளை அப்படியே கேபிளில் ஏற்றுவது. நீலம், பச்சை, சிவப்பு, காலக்குறி ஆகிய நான்கும் நான்கு இணைகளையும் நிரப்பிவிடுவதால், மற்றக் குறிகளுக்கு இரண்டாவது கேபிள் ஒன்று வேண்டியிருக்கும். மேலும், ஓர் இணையின் பேச்சு மற்றோர் இணையில் கேளாதிருக்க அவை வெவ்வேறு அளவில் முறுக்கப்பட்டுள்ளன. அதனால் அவற்றின் நீளம் சற்றே வேறுபடும். தொலைவு கூடக் கூட நிறங்கள் ஒரே நேரத்தில் வந்து சேரா. இரண்டாம் வகை எச்.டி.பேஸ்டி. எல்.ஜி., சாம்சங், சோனி பிக்சர்ஸ், வேலன்ஸ் ஆகியவை 2010இல் கூடி முன்வைத்த முறை இது, ஒரே கேபிளில் 100 மீட்டர் வரை செல்லும், விலை கூடுதல். மூன்றாம் வகை, படத்தைச் சுருக்கித் தகவல் பொட்டலங்களாக அனுப்புவது. மலிவாய் நெடுந்தூரம் செல்வது பெரும்பாலும் இதுவே.

இனிச் சோதனைக்கு வருவோம். முதலில் குறுகிய எச்.டி.எம்.ஐ. கேபிளால் கணினியைத் திரையோடு நேரே இணைத்துப் பார்த்து, அதையே அளவுகோலாகக் கொள்க. பின்னர் மண்டபத்தில் போடவிருக்கும் அதே கேபிளை, அதே நீளத்தில் வைத்துச் சோதிக்க. ஒரு மீட்டர் கேபிளில் கிடைத்த வெற்றி வெற்றியன்று.

எழுத்துச் சோதனை: நீலப் பின்னணியில் சிவப்பாய்ச் சிறு தமிழ் எழுத்துகளைக் காட்டுக. சுருக்கும் கருவிகள் ஒளியினும் நிறத்தின் நுணுக்கத்தையே மிகுதியாகக் குறைக்கின்றன. ‘க்’ என்பதன் புள்ளி மங்கி ‘க’ போலத் தோன்றினால், பாடம் நடத்த அக்கருவி உதவாது.

காலச் சோதனை: நூறில் ஒரு வினாடி காட்டும் கடிகாரத்தைக் கணினியில் ஓடவிட்டு, கணினித் திரையையும் தொலைத்திரையையும் ஒரே நிழற்படத்தில் எடுக்க. இரு எண்களின் வேறுபாடே தாமதம். திரை வினாடிக்கு 60 முறைதான் மாறுகிறது. ஆதலின் பத்துப் படங்கள் எடுத்துச் சராசரி காண்க. நேர் இணைப்பில் கிடைத்த தாமதத்தை அதிலிருந்து கழித்துவிடுக. உதட்டசைவினும் ஒலி 45 மில்லிவினாடி முந்தினாலே மனிதர் உணரத் தொடங்குவர் என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணிப்பு. மேடைப் பேச்சாளரின் குரல் ஒலிபெருக்கியில் உடனே கேட்க, திரையில் உதடு பின்தங்கினால் அவை சலிப்படையும். முன்பே பதிவான படத்தைத் திரையிடுவதற்கோ இத்தாமதம் ஒரு குறையன்று. படமும் ஒலியும் சேர்ந்தே தாமதிக்கும்.

கேபிளையும் கவனிக்க வேண்டும். செம்பு பூசிய அலுமினியக் கேபிள்களும் கடைகளில் விற்கின்றன. அலுமினியத்தின் மின்தடை செம்பினும் ஏறத்தாழ 1.6 மடங்கு. திரைப்பக்கப் பெட்டிக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் செல்லும் அமைப்பில் இவ்வேறுபாடு படத்தையே நிறுத்திவிடக்கூடும். எனவே கருவியைச் சில மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, சூடேறிய பின்னும் படம் நிலைக்கிறதா என்று பார்ப்பது நன்று.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. முதல் இருவகைக் கருவிகளின் முனை கணினி வலையின் முனையைப் போலவே இருந்தாலும், அவற்றை ஸ்விட்சில் செருகலாகாது. மூன்றாம் வகையைச் செருகலாம்; ஆயினும் சாதாரண ஸ்விட்ச் அப்படத்தை எல்லா முனைகளுக்கும் அனுப்பி வலை முழுவதையும் திணறச் செய்யக்கூடும். சில கருவிகள் படத்தை மறையாக்கம் செய்வதுமில்லை. உறுப்பினர் கணக்கைத் திரையில் காட்டும் சங்கம் ஒன்று, அதே வலையில் உள்ள எவரும் அதனைப் பார்க்க இடம் கொடுத்ததாகிவிடும். அதற்கெனத் தனிக் கேபிள் போடுவதே காப்பு.

படம் காட்டுவதற்கு மட்டும் என்றால் மலிவுக் கருவி போதும். சிறு எழுத்துக்கும் நேரடி மேடைக்கும் என்றால் விலை சற்றுக் கூடியதே சிக்கனம். எதற்கு வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்து, மேற்கண்ட சோதனைகளைக் கடையிலேயே செய்து பார்த்த பின்னர்ப் பணம் கொடுப்பதே அறிவுடைமை.