பற்செட்டுக்கு வார்ப்பு எடுத்தல்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது குமுளி. ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த இவ்வூரிலிருந்து தேனி நகருக்கு மலைப்பாதை வழியே 60 கிலோமீட்டருக்கு மேல் செல்லவேண்டும். கோட்டயம் அதனினும் தொலைவு. இத்தகைய ஊர்களில், சில பற்களை மட்டும் இழந்த ஒருவருக்குக் கழற்றி மாட்டும் பற்செட்டு அமைக்க நேரிடுங்கால், அச்சு எடுப்பது ஓரிடத்திலும் பற்செட்டு செய்யும் கூடம் வேறிடத்திலுமாக இருத்தல் இயல்பே. அங்ஙனமாயின் மலையிறங்க வேண்டியது அச்சன்று. அச்சிலிருந்து எடுத்த வார்ப்பேயாகும்.

இதன் காரணம் அச்சுப்பொருளின் இயல்பிலேயே உள்ளது. வாயில் அச்சு எடுக்கப் பெரிதும் பயன்படும் ஆல்ஜினேட், பழுப்புக் கடற்பாசிகளிலிருந்து கிடைப்பது. மன்னார் வளைகுடாவில் விளையும் சர்காசம், டர்பினேரியா ஆகிய பாசிகள் இவ்வகையின. ஆல்ஜினேட் மாவை நீரில் குழைத்தால் சில நிமிடங்களில் இறுகிக் கூழ்மமாகின்றது. இக்கூழ்மத்தில் பெரும்பகுதி நீரே. திறந்த காற்றில் வைத்தால் அந்நீர் வெளியேறி அச்சு சுருங்கும். நீரில் அமிழ்த்தினாலோ நீரை உறிஞ்சி உப்பும். ஆதலின் அச்சு எடுத்த 10 முதல் 15 நிமிடங்களுக்குள் வார்ப்பு ஊற்றிவிடுதல் வேண்டும். அதுவரை ஈரத்தாளால் மூடி வைக்கலாம். பேருந்து கம்பத்தை அடைவதற்குள்ளாகவே அச்சின் அளவு மாறிவிடும்.

மாற்றம் சிறிதுதானே என எண்ணுதல் கூடாது. முழுப் பற்செட்டு ஈறின்மீது அமர்வது. ஈறு ஓரளவு இசைந்து கொடுக்கும். பகுதிப் பற்செட்டோ எஞ்சிய பற்களைப் பற்றி நிற்பது. கோபால்ட்-குரோமியக் கலவையில் வார்க்கப்படும் பற்றுக்கம்பி, பல்லின் உட்குழிந்த பகுதியில் சுமார் 0.25 மில்லிமீட்டர் அளவே நுழைந்து பிடிக்கின்றது. வார்ப்பில் அவ்வளவு பிழை நேர்ந்தால், கம்பி பல்லைப் பற்றாது. அல்லது ஓயாது நெருக்கும். நெருக்குண்ட நல்ல பல்லும் நாளடைவில் ஆட்டங் கொள்ளும். இழந்த பல்லுக்காகச் செய்த சாதனம் இருக்கும் பல்லையும் பறிப்பது எவ்வகையில் நியாயம்?

வார்ப்புக்குரிய மாவு ஜிப்சத்திலிருந்து கிடைக்கின்றது. திறந்த கலத்தில் ஜிப்சத்தை வறுத்தால் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் கிடைக்கும். நீராவி அழுத்தத்தில் சூடேற்றினால் அடர்ந்த மணிகளையுடைய ஸ்டோன் மாவு கிடைக்கும். 100 கிராம் பிளாஸ்டருக்கு 45 முதல் 50 மில்லிலிட்டர் நீர் வேண்டும். ஸ்டோன் மாவுக்கு 28 முதல் 30 போதும். வேதிவினைக்குத் தேவையான நீர் 19 மில்லிலிட்டருக்கும் குறைவே. மிகுதி நீர் பின்னர் ஆவியாகித் துளைகளை விட்டுச் செல்வதால், குறைந்த நீரேற்கும் ஸ்டோன் மாவே உறுதியான வார்ப்பைத் தரும். கைக்கணக்கில் நீர் சேர்க்காமல் நிறுத்தும் அளந்தும் கலத்தல் நன்று. (மாவு இறுகுகையில் கிண்ணம் சுடுவதை மாணவர் தொட்டறியும்படி ஆசிரியர்கள் வகுப்பில் காட்டலாம்.)

மழைக்காலத்தில் குமுளியில் மற்றொரு தொல்லை உண்டு. பதப்படுத்திய ஏலக்காய் ஈரக்காற்றில் கெடுவதைப் போலவே இம்மாவும் கெடும். சிறிதளவு ஈரம் ஏறிய மாவு வழக்கத்திற்கு முன்னரே இறுகிவிடும். மேலும் ஈரம் ஏறினால் இறுகத் தாமதமாகி வலுக் குன்றும். காற்றுப்புகாத டப்பாவில் காத்தலே வழி.

ஊற்றுமுன் அச்சிலுள்ள உமிழ்நீரையும் இரத்தத்தையும் கழுவி, கிருமி நீக்கி, தேங்கிய நீரை உதறுதல் வேண்டும். உமிழ்நீர் எஞ்சினால் வார்ப்பின் மேற்பரப்பு சுண்ணக்கட்டிபோல் உதிரும். குழம்பை ஒரு முனையில் சிறிது சிறிதாக இட்டு, தட்டை அதிரச் செய்து, ஒவ்வொரு பற்குழியாக நிரம்பவிட வேண்டும். ஒருசேரக் கொட்டினால் காற்று உள்ளே அகப்படும். பற்செட்டின் தாங்கி அமர்வதற்காகப் பல்லில் செதுக்கிய பள்ளத்தில் ஒரு குமிழ் நேர்ந்தாலும் அவ்வார்ப்பு பயனற்றதே.

45 முதல் 60 நிமிடங்களுக்குப் பின் வார்ப்பைப் பிரித்தெடுக்கலாம். இரவு முழுதும் விட்டுவைத்தால் உலரும் ஆல்ஜினேட் வார்ப்பின் மேற்பரப்பைக் கெடுக்கும். பிரித்த வார்ப்பைக் குழாய்நீரில் ஊறவிடலாகாது. ஜிப்சம் நீரில் சிறிதளவு கரையும். நனைக்க நேர்ந்தால் ஜிப்சத் துண்டுகள் ஊறித் தெளிந்த நீரையே பயன்படுத்துக. நன்கு உலர்ந்தபின் மேல்வார்ப்பையும் கீழ்வார்ப்பையும் ஒன்றோடொன்று உரசாவண்ணம் தனித்தனியே பஞ்சில் பொதிந்து, கடிப்பதிவு எடுத்த மெழுகையும் உடன் வைத்து, பெட்டியில் அனுப்புதல் வேண்டும்.