'மைண்ட் யுவர் லாங்குவேஜ்': இன்றும் சிரிக்கலாமா?

1977 டிசம்பரில் இங்கிலாந்தின் ஐ.ரி.வி.யில் தொடங்கிய நகைச்சுவைத் தொடர் இது. லண்டனில் ஒரு மாலை வகுப்பு. பல நாட்டவர்கள் வந்து ஆங்கிலம் படிக்கிறார்கள். பாகிஸ்தானியரான அலியும் சீக்கியரான ரஞ்சித் சிங்கும் ஓயாமல் முட்டிக்கொள்வார்கள். அலியாக நடித்த டினோ ஷஃபீக் டாக்காவில் பிறந்தவர். ரஞ்சித்தாக நடித்த அல்பர்ட் மோசஸ் நம்ம கம்பளையில் பிறந்தவர்.

விழுந்து விழுந்து சிரிச்சவங்கள்ள நானும் ஒருவன். இப்போது திரும்பப் பார்க்கையில் ஒன்று உறைக்கிறது. சீனப் பெண்ணின் கையில் எந்நேரமும் மாஓவின் சிவப்புப் புத்தகம். இந்தியப் பெண் பின்னல் ஊசியைக் கீழே வைக்கமாட்டார். ரஞ்சித் பேச்சுக்குப் பேச்சு ஆயிரம் மன்னிப்புக் கேட்பார். ஆளுக்கொரு முத்திரை, அவ்வளவுதான். சாதாரண மனிதராக நிற்பவர் ஆங்கிலேய ஆசிரியர் மட்டுமே. இப்படி முத்திரை குத்துவது பிழை என்றுதான், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொடரை 1979இல் அலைவரிசை நிர்வாகியான மைக்கேல் கிரேட் நிறுத்தினார்.

"சும்மா பகிடிதானே?" என்று கேட்கலாம். புது மொழியில் தடுமாறுவதில் சிரிப்பு உண்டு, அது பிழையல்ல. ஆனா, கொச்சைச் சிங்களம் பேசும் 'நானா'வாக நம்மை ஒருத்தர் மேடையில் நடிச்சுக் காட்டினா நமக்கு எப்படியிருக்கும்? அலிக்குச் சிரித்தவர்கள் மறுநாள் தெருவில் கண்ட பாகிஸ்தானியரை எந்தக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

பழைய தொடரைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. அது அந்தக் காலத்தின் சாட்சி. பிள்ளைகளோடு சேர்ந்திருந்து பாருங்க. யாரோடு சேர்ந்து சிரிக்கிறோம், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று அவர்களிடமே கேளுங்க.