நெய்வேலிச் சுரங்கத்தின் மின்சாரக் கணக்கு

செம்பூர் ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்து நிற்கும் நம்மவர்களில் கடலூர், விருத்தாசலம் பக்கத்தவர் இருவர் சேர்ந்தால் பேச்சு நெய்வேலிக்குப் போகாமல் இராது. 1956-ல் நிறுவனமாகி, 1962-ல் மின் உற்பத்தி தொடங்கிய ஊர் அது. ஊருக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கும் நெய்வேலி, மின்சாரத்தை ஏராளமாகச் செலவழிக்கும் ஊரும்கூட.

அங்கே ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஏறக்குறைய ஐந்தரை கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டும். வாளிகள் பொருத்திய சக்கரம் சுழன்று மண்ணை வாரும் ராட்சத இயந்திரங்கள், கிலோமீட்டர் கணக்கில் ஓடும் கன்வேயர் பெல்ட்டுகள், நிலக்கரிக்கு அடியில் பொங்கும் ஊற்று நீரை இரவு பகலாக இறைக்கும் பம்புகள், எல்லாம் மின்சாரத்தால் ஓடுபவை.

எரிசக்தித் தணிக்கைக்கு இங்கேதான் வேலை. எங்கள் அலுவலகத்துக்கு வரும் தணிக்கையாளர் பேரேட்டில் பைசாவைத் தேடுவார். இவரோ மோட்டாருக்கு மோட்டார் மீட்டர் மாட்டி யூனிட்டைத் தேடுகிறார். ஒரு டன்னுக்கு எத்தனை யூனிட் என்பதே இவர் கேட்கும் முதல் கேள்வி. 2001-ம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் இதற்கு வழி வகுத்தது.

சுரங்கங்களில் பொதுவாக அகப்படும் குறைகள் சாதாரணமானவை. மண் இல்லாமல் வெறுமனே ஓடும் பெல்ட், தேவைக்கு மேல் பெரிய மோட்டார், தேய்ந்த பம்பு. கடலூர் மணற்பாறை வாளிப் பற்களைச் சீக்கிரம் தேய்த்துவிடும். மழுங்கிய பல்லோடு வெட்டினால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும்.

கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். சுமையின்றி ஓடும் மோட்டார் ஒன்று 30 கிலோவாட் இழுக்கிறது என்று வையுங்கள். தினம் இரண்டு மணி நேரம் வீணாக ஓடினால் 60 யூனிட். ஆண்டில் 300 நாளுக்கு 18,000 யூனிட். மாதம் 150 யூனிட் செலவழிக்கும் செம்பூர்க் குடும்பத்துக்கு அது பத்து வருட மின்சாரம்!

வீணாகும் யூனிட்டை ஈடுகட்ட மேலும் நிலக்கரி வேண்டும். அதற்கு மேலும் நிலம் வேண்டும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதை ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. தணிக்கை ஒன்றே அந்த வழக்கைத் தீர்த்துவிடாது. ஆனாலும், ஒரு விவசாயியிடம் நிலம் கேட்கப் போகிறவர், தம் பெல்ட் வெறுமனே ஓடவில்லை என்று முதலில் கணக்குக் காட்ட வேண்டாமா?