வலிக்கிறதென்று சொல்வது பொறுமையின்மையா?

மூட்டுவாதத்தால் இரவில் அழும் பிள்ளையிடம், "அழாதே மகன், ஸப்ர் செய்" என்று சொல்லும் உம்மாமார் பலர். நல்லெண்ணம்தான். ஆனால் பிள்ளை வலியை மறைக்கப் பழகிவிட்டால் நோயின் போக்கு தாய்க்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது.

நபி ஐயூப் (அலை) அவர்கள் தமது துன்பத்தை ரப்பிடம் முறையிட்டார்கள் (அல்குர்ஆன் 21:83). அவர்களையே பொறுமையாளர் என அல்லாஹ் புகழ்கிறான் (38:44). உஸ்மான் பின் அபில்ஆஸ் (ரழி) தம் உடல் வலியைச் சொன்னபோது ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை. வலிக்கும் இடத்தில் கைவைத்து, 3 முறை பிஸ்மில்லாஹ் சொல்லி, 7 முறை பாதுகாப்புத் தேடக் கற்றுக்கொடுத்தார்கள் (முஸ்லிம்).

தாய்மார்களே! இந்நோயில் காலையில் மூட்டுகள் விறைத்திருக்கும். இளஞ்சூட்டு நீரில் குளிப்பாட்டி, கைகால்களை மெதுவாக அசைக்கச் செய்யுங்கள். வலி எங்கே, பத்துக்கு எத்தனை என்று கேட்டு, நேரத்தோடு கொப்பியில் எழுதி கிளினிக்கில் காட்டுங்கள். வைத்தியர் தந்த மருந்தை, வலி உச்சமாகும்வரை காத்திராது, உரிய நேரத்தில் கொடுங்கள். பெனடோல் கொடுப்பதானால் எடைக்கேற்ற அளவில் கொடுங்கள். 4 மணித்தியாலத்துக்குள் மறுபடி வேண்டாம், 24 மணித்தியாலத்தில் 4 தடவைக்கு மேற்படவும் கூடாது.

"வலிக்குது உம்மா" என்றால், "சொன்னது நல்லது மகன், எங்கே?" என்று கேட்டு, அவ்விடத்தில் கைவைத்து ஓதுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பூரண ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.